டாக்டர் அந்தப் பக்கம், நோயாளி இந்தப் பக்கம்: குமரி–கேரள எல்லையில் மருத்துவப் புகார் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் போவதா, நெய்யாற்றின்கரை போவதா, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கே போய்விடுவதா என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கும். எது எந்த மாநிலம் என்று யாரும் பார்ப்பதில்லை. செங்கோட்டைக்காரருக்குப் புனலூர், கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கோயம்புத்தூர், வண்டிப்பெரியாறு எஸ்டேட் ஆட்களுக்குத் தேனி என்று எல்லை நெடுகிலும் இதுதான் வழக்கம்.

சிகிச்சையில் தவறு நடந்துவிட்டால்தான் எல்லை நினைவுக்கு வருகிறது. "அது வேற ஸ்டேட், நம்ம பேச்சு எடுபடாது" என்று நான்கு பேர் சொல்வார்கள். மனு எழுத வந்தவர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார். இங்கே மனு எழுத உதவும் எங்களுக்கு இதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. வேறு மாநிலம் என்பதால் உங்கள் உரிமை ஒன்றுகூடக் குறைவதில்லை. எந்தக் கதவைத் தட்டுவது, கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

டாக்டர்களைக் கண்காணிப்பது யார்? ஐ.எம்.ஏ.வில் புகார் கொடுத்தால் போதுமா?

போதாது. ஐ.எம்.ஏ. எனப்படும் இந்திய மருத்துவச் சங்கம் டாக்டர்கள் தங்களுக்காக வைத்திருக்கும் சங்கம். யாருடைய உரிமத்தையும் அதனால் ரத்து செய்ய முடியாது. அந்த அதிகாரம் சட்டப்படி அமைந்த மாநில மருத்துவ கவுன்சிலுக்கு மட்டுமே உண்டு. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், கேரளத்துக்குத் திருவனந்தபுரத்தில் கேரள மாநில மருத்துவ கவுன்சில், ஆந்திரத்துக்கு விஜயவாடாவில் ஆந்திரப் பிரதேச மருத்துவ கவுன்சில். இவற்றுக்கு மேலே 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த தேசிய மருத்துவ ஆணையம். பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு அது வந்தது 2020 செப்டம்பரில்.

டாக்டர் தொழில் செய்யும் உரிமை இந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் வருவது. அந்தப் பதிவேடு பொதுமக்களின் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. ஆகவே கவுன்சிலுக்கு எழுதும்போது யாரிடமோ தயவு கேட்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம்.

என் டாக்டர் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சீட்டிலும், சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும், கிளினிக்கிலும் அதை எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்வது. கேரளப் பதிவு உள்ளவர்களின் முத்திரையில் 'டி.சி.எம்.சி.' என்ற எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். அது பழைய திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவ கவுன்சில். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதன் இடத்தில் இருப்பது கேரள மாநில மருத்துவ கவுன்சில்.

எல்லைப் பகுதியில் கேரளப் பதிவோடு மார்த்தாண்டத்தில் பார்ப்பவரும் உண்டு, தமிழ்நாட்டுப் பதிவோடு பாறசாலையில் பார்ப்பவரும் உண்டு, இரண்டும் வைத்திருப்பவரும் உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். சீட்டில் எண்ணே இல்லையென்றால் அதையும் புகாரில் ஒரு வரியாக எழுதுங்கள். வாட்ஸாப்பிலும் வீடியோவிலும் பார்க்கும் டாக்டருக்கும் இதே கடமைதான். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அவரும் பதிவு எண்ணைக் காட்டியாக வேண்டும் என்கிறது.

எதற்கெல்லாம் கவுன்சிலில் புகார் செய்யலாம்?

கவனக்குறைவான சிகிச்சை, எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்காமல் அறுவை சிகிச்சை, பொய்ச் சான்றிதழ், நோயாளியிடம் தகாத நடத்தை, நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது, ஸ்கேனுக்கோ லேபுக்கோ அனுப்பிக் கமிஷன் வாங்குவது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது, கேட்ட ஆவணத்தைக் கொடுக்காமல் இழுப்பது.

நோய் குணமாகவில்லை என்பது மட்டும் காரணமாகாது. சரியான சிகிச்சை கொடுத்தும் பலன் இல்லாமல் போவது உண்டு. மனுவை எழுதத் தொடங்கும் முன்பே இதை வந்தவரிடம் சொல்லிவிடுகிறோம். கேட்க வருத்தமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் வேலை என்ன?

கேஸ் ஷீட், அதாவது ஆஸ்பத்திரியில் உங்கள் சிகிச்சை பற்றி எழுதி வைத்த முழுக் கோப்பு, வாங்குவது. மற்ற எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது சுருக்கம் மட்டுமே. உங்களுக்கு வேண்டியது முழு உள்நோயாளிக் கோப்பு: டாக்டர் தினமும் எழுதிய குறிப்புகள், நர்ஸ் எழுதிய சார்ட், எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற பட்டியல், மயக்க மருந்துக் குறிப்பு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், லேப் முடிவுகள், ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும், பில்கள். "இன்ன ஐ.பி. (உள்நோயாளி) எண்ணுக்குரிய முழு மருத்துவ ஆவணங்களின் நகல் வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 விதி. "சேட்டன் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னால் 72 மணி நேரத்தை நினைவூட்டுங்கள். கொடுக்க மறுப்பதே தனியாக ஒரு ஒழுங்கு மீறல்.

உள்நோயாளி ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்றுதான் அந்த விதி சொல்கிறது. துக்கம் ஆறட்டும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போட்டால் கோப்பு கிடைக்காமல் போகலாம். புறநோயாளியாகப் பார்த்திருந்தால் ஓ.பி. சீட்டும் மருந்துக்கடை பில்லும்தான் உங்கள் சாட்சி. வீட்டில் பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.

ஆவணம் வந்ததும் நாள்வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் என்ன சொன்னார்கள், உடன் இருந்தவர் யார். ஞாபகம் சூடாக இருக்கும்போது எழுதியதற்கு உள்ள வலு ஆறு மாதம் கழித்துச் சொல்வதற்கு இருக்காது.

எந்தக் கவுன்சிலுக்கு அனுப்புவது? தமிழில் எழுதலாமா?

டாக்டரின் பதிவு இருக்கும் மாநிலக் கவுன்சிலுக்கு. சிகிச்சை நடந்த மாநிலம் வேறாக இருந்தால் அந்தக் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி, இரண்டு மனுவிலும் அதைக் குறிப்பிடுங்கள். "எங்களுடையது இல்லை" என்று ஒருவர் திருப்பினாலும் மற்றவரிடம் தேதியோடு மனு இருக்கும்.

கேரளத்தில் வாழும் தமிழர் தமிழிலேயே அரசுக்கு எழுதும் உரிமை பெற்றவர். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ல் வந்து 1973-ல் திருத்தப்பட்டபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்று சேர்த்தார்கள். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கத்துச் சொந்தங்கள் சுகாதாரத் துறைக்கு எழுதும்போது தயங்காமல் இதைப் பயன்படுத்த வேண்டும். கவுன்சிலுக்கு எழுதும்போது மட்டும் தமிழ் மனுவோடு ஆங்கில நகலும் இணைத்துவிடுங்கள். மொழியைக் காரணம் காட்டி மனு ஓரம்போகக் கூடாது.

மனுவில் கோபத்தைக் கொட்டாதீர்கள். "கொலைகாரன்" என்று எழுதிய பக்கத்தைவிட, "இரவு 10 மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கியதாக நர்ஸ் சார்ட்டில் உள்ளது, காலை 6 மணி வரை டாக்டர் வந்ததாகப் பதிவு இல்லை" என்ற ஒரு வரிக்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகு என்ன நடக்கும்?

கவுன்சில் டாக்டரிடம் விளக்கம் கேட்கும். விசாரணை நடத்தும். டாக்டர் நேரிலோ வக்கீல் மூலமோ பதில் சொல்வார். உங்களையும் கூப்பிடலாம். தவறு உறுதியானால் எச்சரிக்கை, குறிப்பிட்ட காலத்துக்குப் பெயர் நீக்கம், அல்லது நிரந்தர நீக்கம். பெயர் நீங்கியிருக்கும் காலத்தில் அவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. நடைமுறையில் அதைவிட நீள்வது சகஜம். ஆறு மாதம் தாண்டினால் விதியைச் சுட்டிக்காட்டி நினைவூட்டல் அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு "என் மனு எந்த நிலையில் உள்ளது" என்றும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

2023 ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகள் வந்தன. அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகள் மறுபடி நடைமுறைக்கு வந்தன. யாராவது புதிய விதியைக் காட்டி மழுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

கவுன்சில் மனுவைத் தள்ளிவிட்டால் மேல்முறையீடு உண்டா?

இங்கேதான் அநியாயம். தண்டனை பெற்ற டாக்டர் 60 நாளுக்குள் தேசிய ஆணையத்தின் நெறிமுறை வாரியத்துக்குப் போகலாம், அங்கிருந்து ஆணையத்துக்கும் போகலாம். 2019 சட்டத்தின் 30-ஆம் பிரிவு டாக்டரின் மேல்முறையீட்டைப் பற்றித்தான் பேசுகிறது, நோயாளியைக் குறிப்பிடவே இல்லை. 2002 விதிகளோ பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்கின்றன. இந்த முரணைக் காட்டி ஆணையம் நோயாளிகளின் மேல்முறையீடுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அப்படி நடந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் டாக்டர்கள், மேல்முறையீடும் டாக்டருக்கு மட்டும் என்றால் ஜனங்களுக்கு அந்தக் கவுன்சில்மீது எப்படி நம்பிக்கை வரும்? சட்டத்தில் ஒரு வரி மாற்றினால் தீரும் குறை இது. உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.

நஷ்டஈடு வேண்டும். அதற்கும் திருவனந்தபுரம் அலைய வேண்டுமா?

வேண்டாம். எல்லைவாசிகளுக்கு இருப்பதிலேயே நல்ல செய்தி இது. கவுன்சிலால் ஒரு ரூபாய்கூட நஷ்டஈடு வாங்கித்தர முடியாது. அது நுகர்வோர் ஆணையத்தின் வேலை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில் இருந்தாலும் குமரி மாவட்டக்காரர் நாகர்கோவில் மாவட்ட ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். சிகிச்சைக்குக் கட்டிய பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும், இதை மறக்காதீர்கள். கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு வருடத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடம் என்றால், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் வழக்குப் போடலாம். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் சட்டத்துக்குள் வரும் என்பது 2007 தீர்ப்பு. முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

கவுன்சில் "தவறில்லை" என்றுவிட்டால் நுகர்வோர் வழக்கும் போய்விடுமா?

போகாது. 1998-ல் கல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் பின்னர் இறந்த வழக்கில் மாநில மருத்துவ கவுன்சில் டாக்டர்கள்மேல் குற்றமில்லை என்றது. அவருடைய கணவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் கவனக்குறைவு நடந்ததை உறுதி செய்து, 2013-ல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. இரண்டும் தனித்தனி விசாரணை.

போலீஸில் கேஸ் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் சாதாரணத் தவறுக்கு டாக்டரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. மிகக் கடுமையான கவனக்குறைவு இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முதலில் சம்பந்தமில்லாத வேறொரு டாக்டரின் கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற டாக்டருக்கு இரண்டு வருடம் வரை சிறை.

களியக்காவிளை ஸ்டேஷனில் "பாறசாலையில் போய்க் கொடு" என்று அனுப்பினால் திரும்ப வேண்டாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிந்த பின் அவர்களே உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள்.

ஆள் இறந்துவிட்டார். ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டுப் பார்க்கலாமா?

சந்தேகம் இருந்தால் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கும் முன்பே அந்த ஊர்ப் போலீஸில் எழுதிக் கொடுத்து, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். உறவினர்கள் ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்துவார்கள், அந்த நேரத்தில் இதைச் சொல்லவே நெஞ்சு கூசும். ஆனால் எரித்துவிட்ட பின்போ புதைத்துவிட்ட பின்போ மரணக் காரணத்தை நிறுவுவது மிகக் கடினம். குடும்பத்தில் நிதானமான ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரி சேர்க்க மறுத்தால்?

அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் உயிர்காக்கும் முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2017 ஆகஸ்டில் கொல்லத்தில் அடிபட்ட நெல்லைத் தொழிலாளி ஒருவரை ஆம்புலன்ஸில் வைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டு அலைந்தார்கள். எங்கும் சேர்க்கவில்லை, மணிக்கணக்கில் அலைந்து ஆம்புலன்ஸிலேயே இறந்தார். கேரள முதலமைச்சர் சட்டமன்றத்தில் அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார், அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. எல்லைத் தமிழர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

மறுக்கப்பட்டால் ஆஸ்பத்திரி பெயர், நேரம், பேசியவர், சொன்ன காரணம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் பெயரும் எண்ணும் முக்கியம், அவரே முதல் சாட்சி. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவு அதிகாரசபையிடம் ஆஸ்பத்திரியின் மீதே புகார் செய்யலாம். கட்டண விவரத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டமே. தமிழ்நாட்டில் இதற்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்தில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் கொடுங்கள்.

நர்ஸ், பல் டாக்டர், மருந்தாளுநர் மேல்?

நர்ஸுக்கு மாநில நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சில், பல் டாக்டருக்கு மாநிலப் பல் மருத்துவ கவுன்சில், மருந்தாளுநருக்கு மாநிலப் பார்மசி கவுன்சில். தமிழ்நாட்டுச் சித்த வைத்தியருக்குத் தனிக் கவுன்சில் உண்டு. கேரளத்தில் இந்திய மருத்துவ முறையும் ஹோமியோவும் கேரள மாநில மருத்துவ கவுன்சிலின்கீழ் வருகின்றன.

எங்கள் ஊர் ஆசானும் இதில் வருவாரா?

குமரியிலும் நெய்யாற்றின்கரைப் பக்கமும் வர்ம ஆசான்மார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவும் சுளுக்கும் பார்த்து வருகிறார்கள். அவர்களிடம் குணமானவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், அந்த அறிவின்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் சட்டப்படி பதிவு இல்லாமல் பரம்பரை வைத்தியம் செய்ய முடியாது என்று கேரளப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு உள்ளவர் என்றால் அவருடைய கவுன்சில். பதிவு இல்லாதவர்மேல் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது, போலீஸும் சுகாதாரத் துறையும்தான். இங்கிலீஷ் மருந்து எழுதி ஊசி போடும் போலி டாக்டர் விஷயம் வேறு: தேசிய மருத்துவ ஆணையத்துக்கான 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

அரசு டாக்டர் பணம் கேட்டால்?

கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். கேரள விஜிலன்ஸுக்கு 1064. கவுன்சில் புகாரைத் தனியாகச் செய்யலாம்.

ஆஸ்பத்திரி வாசலில் திரண்டு நியாயம் கேட்டால் சீக்கிரம் முடியாதா?

கூடாது. 2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் குத்திக் கொல்லப்பட்டார். அதன்பின் கேரளம் சட்டத்தைக் கடுமையாக்கி, கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு வருடம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. அடிக்கப்படுவது பெரும்பாலும் இரவு டியூட்டியில் நிற்கும் சின்ன டாக்டரும் நர்ஸும். முடிவெடுத்தவர் வீட்டில் இருப்பார். ஒரு கண்ணாடி உடைந்தாலும் உங்கள் உண்மையான புகார் பின்னுக்குப் போய், நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். முகநூலில் பெயர் போட்டுத் திட்டுவதும் மானநஷ்ட வழக்கில் முடியலாம்.

தண்டிக்கப்பட்ட டாக்டர் யார் என்று பொதுமக்கள் அறிய முடியுமா?

அறிய வேண்டும் என்பதுதான் விதி. பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கினால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் பரவலாக வெளியிட வேண்டும் என்று 2002 விதிகளிலேயே இருக்கிறது. தமிழ்ப் பத்திரிகையிலும் மலையாளப் பத்திரிகையிலும் வந்தால்தான் எல்லை ஜனங்களுக்கு அது எட்டும். சென்னையில் பெயர் நீக்கப்பட்டவர் பாறசாலையில் போர்டு மாட்டியிருந்தால், செய்தி வராதவரை அங்கே போகும் நோயாளிக்கு எப்படித் தெரியும்? எந்த டாக்டர்மேல் என்ன நடவடிக்கை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இரண்டு கவுன்சில்களிடமும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உங்கள் மனுவில் முடிவு வந்ததும் உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தண்டனை என்றால், எந்தப் பத்திரிகையில் எந்தத் தேதியில் வெளியிட்டார்கள் என்று அடுத்த மனுவில் கேளுங்கள்.

சக டாக்டரின் நேர்மையற்ற நடத்தையை அச்சமின்றி வெளிப்படுத்துவது டாக்டரின் கடமை என்றும் அதே விதிகளில் ஒரு வரி உண்டு. உங்களுக்குத் தெரிந்த நல்ல டாக்டர் ஒருவர் நிச்சயம் இருப்பார். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், படித்துப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லக் கேளுங்கள். மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள்.